சிலிண்டருக்கு ஒரு பாவாடை

துறைமுகத்தில் நாற்பது மீட்டர் உயரத்துக் கிரேன் கூண்டில் தினமும் ஏறி இறங்குகிற தவசிமுத்து, கணுக்காலை உடைத்துக்கொண்டது தன் வீட்டு பாத்ரூமில், ஒரு சோப்புத் துண்டை மிதித்து. பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. வெளியே சொன்னால் மானம் போகும் என்று, பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்துவிட்டதாகச் சொல்லி வைத்தான். அவன் மனைவி ஷைனி அன்று சாயங்காலமே தண்டையார்பேட்டை முழுக்க சோப்புக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள்.

நவம்பர் கடைசியில் மாவுக்கட்டு போட்டார்கள். பிரிப்பது கிறிஸ்துமஸ் கழிந்துதான். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தாள். ஷைனி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தாள். காலை எட்டு மணிக்கு அவள் போய்விட்டால், ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் அவனும் மாவுக்கட்டும்தான்.

முதல் மூன்று நாள் டிவி பார்த்தான். நாலாம் நாள் வீட்டைப் பார்த்தான். இத்தனை வருஷம் தூங்கவும் சோறு தின்னவும் மட்டும் வந்துபோன இடத்தில், பகல் பதினொரு மணிக்கு அடுப்பங்கரைச் சுவரில் சப்பாத்தி அளவுக்கு வெயில் விழுவதையும், கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொள்வதையும் அப்போதுதான் கவனித்தான். அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்தான். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினான். இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, ஜன்னலோரம் கட்டுக்காலை ஸ்டூல்மேல் நீட்டி, அதை ஊதி ஊதிக் குடித்தான். குடித்துவிட்டு, இது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துத் திடுக்கிட்டான்.

"மஞ்சத்தூள் எங்கய்யா?" சாயங்காலம் ஷைனி கத்தினாள்.

"மூணாவது வரிசை, ரெண்டாவது டப்பா. லேபிள் ஒட்டிக்கீறேன் பாரு."

"இது இன்னா வூடா, கண்டெய்னர் யார்டா?"

எதிர்வீட்டு பதுருன்னிசா அக்காவிடம், மதியம் ஒரு எட்டு போய் இந்த மனுஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் ஷைனி. அக்கா வரும்போது நூல்கண்டும், முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசியும் எடுத்து வருவார். பேரப்பிள்ளைக்குக் குல்லா பின்னுவார், ஊரில் நடக்கிற அக்கிரமங்களைச் சொல்லுவார், இரண்டும் நிற்காது.

"இத்தப் பின்னி இன்னாக்கா ஆவப் போவுது? கடைல அம்பது ரூபாய்க்கு விக்கிறான்" என்றான் தவசிமுத்து.

"கடைக்காரனுக்கு எம்பேரன் மண்ட சைஸ் தெரியுமா? பேசாம இந்தா, நீ ஒரு வரி போடு தம்பி. கால்தானே ஒடஞ்சிது, கை நல்லாத்தானே கீது."

சும்மா வாங்கினவன்தான். நாற்பது அடிப் பெட்டியைக் கப்பலுக்குள் விரற்கடை பிசகாமல் இறக்கிய கைக்கு, கொக்கியில் நூலை மாட்டி இழுப்பது உடனே பிடிபட்டுவிட்டது. கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்க, மனசு மட்டும் கையை வீசிக்கொண்டு எங்கோ நடந்து போனது. அக்கா கிளம்பினதும் தெரியவில்லை, குக்கர் ஆறு விசில் அடித்ததும் தெரியவில்லை. பருப்பு கூழாகியிருந்தது.

டிசம்பர் பத்துக்குள் அந்த வீட்டில் சட்டை போடாத பொருள் இல்லை. ரிமோட்டுக்கு உறை. டீ டம்ளருக்குப் பிடி. தண்ணீர்க் கேனுக்குக் குல்லா. மிக்ஸிக்கு மேலங்கி. கடைசியாகக் கேஸ் சிலிண்டருக்கு, சுருக்கம் வைத்து, சிவப்பும் பச்சையுமாக ஒரு பாவாடை.

ஷைனி இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்த்தாள். "எனக்கு நீ ஒரு பாவாடை வாங்கிக் குடுத்து எத்தினி வருஷம் ஆவுது?"

"கிறிஸ்துமஸ் வருதில்ல. வூடு களையா இருக்க வாணாமா?"

"களையாதான் கீது. நைட்டு எழுந்து தண்ணி குடிக்க வந்தா யாரோ பொம்பள நிக்கிறான்னு அலறிட்டேன்."

மறுநாள் கூட வேலை செய்கிற எத்திராஜ் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். காலடி கேட்டதும் தவசிமுத்து பின்னலைத் தலையணைக்கு அடியில் சொருகினான். ஆனால் வீடே காட்டிக்கொடுத்துவிட்டது. எத்திராஜ் ஒவ்வொரு உறையாகத் தூக்கிப் பார்த்தான். சிலிண்டர்முன் வந்ததும் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா பின்னிக் குடுத்தாங்க" என்றான் தவசிமுத்து.

"அப்ப உன் சட்டப் பாக்கெட்ல இன்னா மாமு தொங்குது?" பாக்கெட்டிலிருந்து குரோஷா ஊசி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே யூனியன் வாட்ஸப் குரூப்பில் சிலிண்டர் போட்டோ ஓடியது. கீழே 'பொண்ணு பாக்க வரலாமா?' என்று ஒருத்தன். 'நம்ம கிரேனுக்கு ஒரு ஜட்டி பின்னிக் குடு மாமி' என்று இன்னொருத்தன். இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

தவசிமுத்து எல்லா உறையையும் கழற்றிப் பையில் திணித்து, நொண்டிக்கொண்டே போய் பரண்மேல் எறிந்தான். இரண்டு நாள் டிவி பார்த்தான். இஞ்சி டீ இல்லை. அக்கா வந்தபோது தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஷைனி வேலைக்குக் கிளம்பியவள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யோவ். சிலிண்டரு அம்மணமா நிக்குது. பாக்க சகிக்கல."

"ஊரே சிரிக்குது."

"நான் ரெண்டு வாரமா சிரிக்கிறேன், அதுக்கு நீ நிறுத்துனியா? எவனோ சிரிச்சா மட்டும் ரோஷம் வருதா? நான் திரும்பி வர்றதுக்குள்ள அது துணியோட இருக்கணும்."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். தவசிமுத்து பரணிலிருந்த பையைத் தட்டி இறக்க ஊன்றுகட்டையை எடுத்தான்.

பத்தொன்பதாம் தேதி எத்திராஜ் மறுபடி வந்தான். இந்தத் தடவை சாத்துக்குடியோடு ஆப்பிளும் இருந்தது. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் மாதா கோயில் கேரல் குழுவில் மூன்று வருஷமாக அவன்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. பெருமாள் பக்தன்தான், ஆனால் வேறு யாருக்கும் அந்த அளவுக்குச் சொந்தத் தொப்பை இல்லை.

"மாமு, தாடிய எலி கடிச்சிடுச்சி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "பஞ்சு தாடி வச்சா மூக்குல பூந்து தும்மலா வருது. நீ ஒண்ணு..."

"நான் ஒண்ணு?"

"பின்னிக் குடேன்."

தவசிமுத்து அவசரப்படவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லுக்கு ஷைனி பிசைந்து வைத்துவிட்டுப் போயிருந்த மாவையும், இதற்கென்றே வைத்திருந்த புதுச் சீப்பையும் நண்பன் முன்னால் நகர்த்தினான். மாவைக் கிள்ளி, சீப்புப் பல்லில் அழுத்தி, சுருட்டி எடுக்க வேண்டும். வழுக்கைத் தலை எத்திராஜ் எத்தனையோ வருஷம் கழித்துச் சீப்பைக் கையில் பிடித்தான். மூன்று மணி நேரம் அவன் உருட்ட, இவன் பின்ன, பேச்சு கப்பலில் ஆரம்பித்து மச்சினன் கல்யாணம் வரைக்கும் போனது. எத்திராஜின் கல்கல்கள் எல்லாம் மிதிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி இருந்தன. பொரித்து வாயில் போட்டபோது ஒன்றும் குறையில்லை. தாடி நெஞ்சு வரைக்கும், அலை அலையாக வந்தது. வீட்டிலிருந்த வெள்ளை நூல் மொத்தமும் அதில் தீர்ந்தது.

இருபத்திரண்டாம் தேதி காலையில் தவசிமுத்து கிறிஸ்துமஸ் குடில் வைத்தான். வைக்கோல் பரப்பி, மாதாவையும் சூசையப்பரையும் நிறுத்தி, மாட்டை எங்கே வைப்பது என்று பின்னால் சாய்ந்து பார்த்தவன், நிலை தடுமாறி நாற்காலியில் உட்கார்ந்தான். அடியில் நறுக்கென்றது. குழந்தை ஏசுவை நாற்காலிமேல்தான் வைத்திருந்தான்.

எழுந்து பார்த்தால் சுண்ணாம்புப் பொடியும் ஒரு குட்டிக் காலும். சாயங்காலம் கேரல் குழு வருகிறது. கடையில் குழந்தையை மட்டும் தனியாகத் தர மாட்டான், செட்டாகத்தான் வாங்க வேண்டும். நூல் கேட்க எதிர்வீட்டு அக்காவும் இல்லை, புழலில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு கண்டு, கறுப்பு நூல்.

ஏழு மணிக்குக் கொட்டும் கிதாருமாகக் குழு மாடியேறியது. முன்னால், அந்தப் பகுதி கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் தலைவி அமலோற்பவம் அம்மா, இடுப்பில் இரண்டு வயதுப் பேத்தி. பின்னால் புதுத் தாடியில் எத்திராஜ். அம்மா குடில் முன்னால் வந்து சிலுவை போட்டார். போட்ட கை பாதியில் நின்றது. வைக்கோலில் பூசணிக்காய் அளவில், சூசையப்பரைவிடப் பெரிதாக, கறுகறுவென்று ஒரு குழந்தை கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"யாரு இது?"

"குழந்த ஏசு" என்றான் தவசிமுத்து.

"கறுப்பா கீது?"

"நூலு அதான்மா இருந்துச்சி."

"இன்னா கிண்டலா? ஆண்டவர வச்சி வெளையாடுறியா? இது முன்னாடி நான் செபம் சொல்ல மாட்டேன். ஃபாதர்கிட்ட சொல்லிட்டுதான் மறுவேலை."

பாட்டு நின்றது. தவசிமுத்துவுக்குக் காது சூடேறியது. காலை முழுக்கப் பட்ட பாட்டில் முகத்தை மட்டும் நாலு தடவை பிரித்துப் பின்னியிருந்தான். ஷைனி கல்கல் தட்டை டொக்கென்று வைத்தாள்.

"ஏம்மா, பெத்லகேம் இன்னா லண்டன்லயா கீது? வெயிலு அடிக்கிற ஊருதானே? இத்தினி வருஷம் சுண்ணாம்பு ஏசுவ வாங்கி வச்சோம், ஒருத்தரும் யார் பெத்த புள்ளன்னு கேக்கல. இவரு ஒக்காந்த எடத்துல ஒக்காந்து காலைலேர்ந்து பின்னிக்கீறாரு. அந்த மூஞ்சியப் பாருங்க. எங்கூட்டுக்காரர் மூஞ்சி. எனக்குப் புடிச்சிக்கீது."

அதைச் சொன்னதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. தாடிக்குள்ளிருந்து எத்திராஜ் "ஆமென்" என்றான்.

அமலோற்பவம் அம்மா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பேத்தி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கியது. நேரே குடிலுக்குப் போய், மாட்டைத் தள்ளிவிட்டு, கறுப்புக் குழந்தையை இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிக்கொண்டது. அம்மா வாங்கப் பார்த்தார். பிள்ளை போட்ட கூச்சலில் கீழ்த் தளத்துக் கதவுகள் திறந்தன. எத்திராஜ் தாத்தா மிட்டாய் நீட்டினான், மிட்டாயை வாங்கிக்கொண்டு அழுதது. கடைசியில் பேத்தி ஏசுவைக் கட்டிக்கொண்டிருக்க, பேத்தியைக் கட்டிக்கொண்டு அமலோற்பவம் அம்மாவே செபம் சொல்லி முடித்தார். அப்படியே படியிறங்கிப் போனார்கள், மூன்று பேருமாக.

குடிலில் குழந்தை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. "அடுத்தது இன்னா கலரு?" என்று கேட்டபடி ஷைனி கரப்பான்பூச்சி கல்கல்லில் ஒரு பிடி அள்ளி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அவன் போன் அடித்தது. அமலோற்பவம் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, ஃபாதர்கிட்ட இன்னும் சொல்லல. அது வேற. இவ ராத்திரி பூரா அத்த வுடவே இல்ல. இழுத்து இழுத்து, இடது கால்ல நூலு பிரிஞ்சி வந்துகினே கீது. இன்னா பண்றது?"

தவசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். டம்ளரைக் கீழே வைத்தான். கப்பல்மேல் நிற்கிறவனுக்கு வாக்கிடாக்கியில் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தான்.

"இழுக்காதீங்கம்மா. அப்டியே புடிங்க. கொக்கி ஊசி இல்லியா? ஹேர்பின் எடுங்க. கடைசி நூலு வளையம் தெரியுதா? அதுக்குள்ள வுடுங்க... மெதுவா, மெதுவா... ஆங், இப்ப தூக்குங்க."