நடு ஜன்னலில் நின்றவள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். பொறாமை எங்கள் எஜமானி சிபில் சீமாட்டி மேல். போன நவம்பரில் இறந்துவிட்டாள். அதனால் ஒன்றும் குறையவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஹாத்தர்லோ மாளிகையின் தோட்டம் அழகானது.’ அடித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்? இருபத்தாறு வருடமாகத் தலைமைத் தோட்டக்காரரின் மனைவி நான். ஆனால் அந்தத் தோட்டம் கீழே நிற்பவர்களுக்காகப் போட்டதல்ல. கீழிருந்து பார்த்தால் முழங்கால் உயரக் குட்டைவேலிகள், சரளைப் பாதைகள், அவ்வளவுதான். சுருளும் வளைவுமாக அந்த வேலிகள் போடும் கோலம் முழுதாகத் தெரிவது மாடியின் நடு ஜன்னலிலிருந்து மட்டும். வாசற்கதவு, படிக்கட்டு, நீரூற்று எல்லாம் அதற்கு நேர்க்கோட்டில். அந்த ஜன்னல் சீமாட்டியின் படுக்கையறையில்.

(கிழக்கு ஓரத்தில் ஒரு பொய் ஜன்னல் உண்டு. இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமென்று சுவரில் கறுப்பாகத் தீட்டியது. நானும் அந்த ஜன்னலைப் போல— வேண்டாம். அழுவதற்கு வேறு கதை எழுதிக்கொள்ளலாம்.)

2

அவளை எழுதுவதுதான் கஷ்டம். முதல் பிரதியில் அவளுக்குப் பல் நீட்டிவிட்டேன். பொய்; நல்ல பல்வரிசை. இரண்டாம் பிரதியில் வேலைக்காரர்களைத் திட்டவைத்தேன். அதுவும் பொய். நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் கையால் சூப் கொண்டுவந்தாள். நல்லவள் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

அவள் செய்த குற்றம் இது. என் கணவர் ஆம்ப்ரோஸ் வேலியை வெட்டுமுன் கயிறு கட்டுவார். அது கோலத்தோடு பொருந்துகிறதா என்று கீழிருந்து தெரியாது. அவள் ஜன்னலில் நின்று இடமோ வலமோ கையை ஆட்டுவாள். சரியானதும் கையை இறக்குவாள். இவர் தொப்பியை எடுத்து வணக்கம் வைப்பார். ஒரு வார்த்தை பேசாமல் இருபத்தாறு வருடம் அப்படிப் பேசிக்கொண்டார்கள்.

3

இந்த மார்ச்சில் ஒருநாள் காலை.

“மேல போய் நில்லேன், ஹெட்டி. வேலி ஒரு பக்கம் பட்டுப்போச்சு. புதுசா நடக் கயிறு கட்டணும்.”

“அவங்க இருந்தவரைக்கும் நான் கண்ணுக்குத் தெரியல. இப்ப ஆள் கொறையுதாக்கும்.”

“கயிறு பாக்கத்தானே கூப்பிட்டேன். அதுக்கு இவ்ளோ பேச்சா?”

“வேற யாரையாவது கூப்பிடுறதுதானே.”

“வேற யாரு கண்ணையும் நான் நம்பமாட்டேன்.”

போனேன். முதல்முறையாகப் பார்த்தேன். இங்கே எழுத்தாளர்கள் நீளமாக வர்ணிப்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அழகாக இருந்தது, வயிறு எரிந்தது. கயிறு கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருந்தது. கையை ஆட்டினேன். சரிசெய்தார். கையை இறக்கினேன். அவர் நிமிர்ந்து, தொப்பியை எடுத்து, சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

தேநீருக்கு வந்தபோது கேட்டேன்.

“தொப்பிய யாருக்கு எடுத்தீங்க?”

“வேர்த்துச்சு.”

“மார்ச் மாசக் குளிருலயா?”

அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

4

முடிவு ஒன்று: ‘உனக்குத்தான்’ என்கிறார். [யார் நம்புவது?]

முடிவு இரண்டு: ‘பழக்கதோஷம்’ என்கிறார். [எழுதக் கை வரவில்லை.]

உண்மையில் அவர் ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டது இதுதான்: “நாளைக்கும் போய் நிப்பியா?”

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. அந்த ஜன்னலில் அவளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.