ஒண்ணும் தெரியல

கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை சின்னவளுக்கு. நாய்க்குக் கால் முறிந்தாலும் பூனை ஊசியை விழுங்கினாலும் படம் எடுத்துக் கொடுப்பாள். அதைப் பார்த்து என்ன ஏது என்று சொல்வது டாக்டர் பாடு. ஆனால் அக்கா வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை கொழுந்தியாள் டாக்டரம்மாதான். நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்வையில் சுற்றிய நீளமான எதையோ அணைத்துக்கொண்டு அத்தான் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். யாரோ வளர்க்கிற வேட்டை நாய் அடிபட்டுவிட்டது போல என்று நினைத்து மேசையைத் துடைத்து வைத்தாள். போர்வையைப் பிரித்தால் இரட்டைக் குழல் துப்பாக்கி.

அவருடைய பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது இவர் பங்குக்கு வந்தது அது. நூறு வயதுக்கு மேல் இருக்கும். குழல் நெடுக, ஈர மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல வரிவரியாக ஒரு கோலம். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். கடையில் புதுத் தோட்டாவும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்பில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிற போட்டி. பழைய துப்பாக்கி என்றால் பரிசோதிக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று மைதானப் பொறுப்பாளரான அம்மா சொல்லிவிட்டாராம். துப்பாக்கி பழுது பார்ப்பவரோ வெளியூரில். எலும்பில் இருக்கிற விரிசல் தெரியும்போது இரும்பில் தெரியாதா என்று அத்தானுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது.

அவர் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. எடுத்தாள். திரையில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள் விழுந்தன. உள்ளே ஒரு விவரமும் இல்லை. அந்த இயந்திரத்தின் சக்தி எலும்புக்குத்தான், இரும்புக்கு இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல அத்தான்" என்றாள்.

"அது போதும் டாக்டரம்மா." அவர் முகம் மலர்ந்தது.

ஏன் மலர்ந்தது என்று யோசிக்க நேரமில்லை. வண்டியில் அடிபட்ட நாய் ஒன்றை ரத்தம் சொட்டச்சொட்டத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

மறுநாள் அந்தப் படம் டாக்டர் கண்ணில் பட்டது. இது எந்த மிருகத்தின் எலும்பு என்று கேட்டுச் சிரித்தவர், விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் அப்பாவிடமும் அப்படி ஒன்று இருந்ததாம். கம்பிகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த குழல் அது. அந்தக் காலத்துக் கரிமருந்துக்காகச் செய்தது. இப்போதைய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போதாக்குறைக்குப் புதுத் தோட்டா சில பழைய துப்பாக்கிகளில் தோட்டா போடும் அறையைவிட நீளம் அதிகம். உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் இன்னும் ஏறும். குழல் வெடித்தால் முதலில் போவது அதைத் தாங்கிப் பிடிக்கிற இடது கை. அவர் அப்பா அதைச் சுவரில் மாட்டியதோடு சரி, ஒருநாளும் சுட்டதில்லை.

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தெரியவில்லை என்றுதானே சொன்னோம், தெரியாத ஒன்றை வைத்து எப்படிச் சுடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரியவருக்குப் புத்தி சொல்வதுபோல ஆகிவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது. போன் மேசையிலேயே கிடந்தது.

ஞாயிறு காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். மதியம் சாப்பிட வரச்சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக அத்தான் கிளப்புக்குப் போயிருப்பதையும் சொன்னாள்.

"எனக்கு அந்தத் துப்பாக்கியக் கண்டாலே ஆகல. நீ பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னியாம். அதனாலதான் விட்டேன்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லலக்கா. ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லக்கா."

சின்னவள் அவசரமாக அழைப்பைத் துண்டித்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டாள்.

அத்தான் போன் அணைந்திருந்தது. கிளப் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஈரத்துணியை வாளியோடு போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சிக்னலில் நின்றபோது, கைப்பிடியைப் பிடித்திருந்த தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

கிளப் கண்ணுக்குத் தெரியும் முன்பே வெடிச்சத்தம் காதில் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் தூக்கிப்போட்டது. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் போனது. அது இன்னும் கொடுமையாக இருந்தது. யாரோ கீழே கிடக்கிறார்கள், எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள் என்று மனம் படம் போட்டது. மறுபடி ஒரு வெடி கேட்டதும்தான் மூச்சு வந்தது.

வாசல் காவலர் என்னவோ கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே நடந்தாள். அத்தான் சுடுமிடத்தில் நின்றிருந்தார், காதுகளுக்கு மூடி மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியபடி. கத்தினால் அவருக்குக் கேட்காது. ஓடிப்போய்த் தொட்டால் திடுக்கிட்டு விசையை அழுத்திவிடுவார். பொறுப்பாளர் அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். சின்னவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தத் துப்பாக்கிய யாரும் சோதிக்கல. எக்ஸ்ரே எடுத்தது நான்தான். அதுல எதுவும் தெரியாது."

விசில் பறந்தது. எல்லாத் துப்பாக்கிகளும் தாழ்ந்தன. அத்தான் குழலை மடித்துத் திறந்துவிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான். தன் போட்டியைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். பொறுப்பாளர் துப்பாக்கியைக் கேட்டுக் கை நீட்டியதும் முகம் மாறியது.

"நீதானே பாத்துச் சொன்ன?"

"நான் நாய்க்கும் பூனைக்கும் படம் எடுக்கிறவ அத்தான். இரும்பப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதத்தான் அன்னைக்குச் சொன்னேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தானின் காதுமடல் சிவந்தது. முதல் சுற்று முழுக்கச் சுட்டாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை, இப்போது மட்டும் என்ன வந்துவிட்டது என்று பொறுப்பாளரிடம் வாதாடினார். அந்த அம்மா காது கொடுக்கவில்லை. இடது கையால் பிடிக்கிற மரக்கட்டையைக் கழற்றினார், குழலின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து கரி கசிந்து, மரத்தின் உட்புறத்திலும் புகைக் கறை படிந்திருந்தது. சுட்டுப்போட்ட தோட்டா ஒன்றைக் குனிந்து எடுத்தார். அதன் வாய் பிய்ந்து பிசிறடித்திருந்தது.

"அடுத்த குண்டுக்கு வெடிக்குமா, இன்னும் நூறு தாங்குமான்னு எனக்குத் தெரியாது சார். வெடிச்சா இந்த இடத்துலதான் வெடிக்கும்."

அவர் விரல் வைத்த இடத்தில்தான் அத்தான் உள்ளங்கையை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று என்ற ஒரு வார்த்தையை நம்பி அனுமதித்தது தன் தப்பு என்று அந்த அம்மா எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சின்னவள் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"எடுத்தேன் அத்தான். சொல்லப் பயமா இருந்துச்சு."

"என்கிட்டயா?"

அவர் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

மதியம் அக்கா இருவரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டித் தீர்த்தாள். ஒருத்தருக்குக் காது சரியில்லை, இன்னொருத்திக்கு வாய் சரியில்லை என்றாள். அத்தான் தலையைத் தூக்கவே இல்லை. கை கழுவப் போனவர் இடது உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நின்றார். கரி போன பிறகும் குழாயை மூடவில்லை. அக்கா எழுந்துபோய் மூடிவிட்டு வந்தாள்.

அதுவரை தைரியமாகத்தான் இருந்தாள் சின்னவள். முதல் வாய் எடுக்கப் போனவள், சோற்றை விட்டுவிட்டுத் தன் இடது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.