ஜேக்கப்பின் சுட்டுவிரல்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் அறுபதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் விழாது. அதனால் கீழே ஒருவர் நின்று கையால் சொல்வார். சுட்டுவிரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் தூக்கு. தரையைப் பார்த்துச் சுற்றினால் இறக்கு. ராயபுரம் ஜேக்கப் பதினெட்டு வருஷம் அப்படி விரலால் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றியவர், கண்ணுகளா.

இரண்டாயிரத்து ஐந்தில் ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பு அவருடைய வலது புறங்கையைக் கிழித்துவிட்டது. கல்மண்டபம் பக்கத்து ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்தவர் டாக்டர் தேவப்பிரியம்.

"தோலை மட்டும் தெச்சா போதாதுண்ணே. விரலை நிமிர்த்துற நரம்பு அறுந்திருக்கு. இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிச் சேர்க்கணும். விட்டா உள்ளேயே சுருங்கிடும்" என்றார் அந்த அம்மா.

காண்ட்ராக்ட் கம்பெனி அந்த வருஷம்தான் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தது. கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்க ஜேக்கப் வீட்டில் வழியில்லை. டாக்டர் அனுமதி கேட்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. ஆபரேஷன் தேவையில்லையாம். கட்டுப் போட்டால் போதுமாம். விரலை மடக்கிப் பொருளைப் பிடிக்க முடிகிறதாம். ஹெல்பர் வேலைக்கு அது போதுமாம்.

"கையத் தொட்டுக்கூடப் பாக்காம அவுங்களுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?" என்றாள் ஜேக்கப்பின் மனைவி அடைக்கலமேரி.

"நாலு தடவை ஃபோன் பண்ணிட்டேன்க்கா. அதே பதில்தான். ஆமா, கார்டுல ஹெல்பர்னு யாரு எழுதினது?"

ஜேக்கப் தலையைச் சொறிந்தார். "நான்தான் டாக்டரம்மா. காண்ட்ராக்டுல எல்லாரும் அப்பிடித்தான் போடுவோம். வேற எதுனா போட்டா, சர்ட்டிபிகேட் கீதா, அது கீதான்னு பேஜாரு பண்ணுவாங்க."

"அப்ப நிஜமா என்ன வேலை?"

ஜேக்கப் கையை உயர்த்திக் காட்டினார். சுட்டுவிரல் மட்டும் தொங்கிப் போயிருந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் தனக்கு மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மவுண்ட் ரோட்டில் இருந்த அந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மூன்று பேர் போனார்கள்: டாக்டர், ஜேக்கப், கிரேன் ஓட்டும் லட்சுமணன்.

"நீ இன்னாத்துக்கு மாமு, சம்பளத்த வுட்டுட்டு?" என்று கேட்டார் ஜேக்கப்.

"உன் வெரலு இல்லாம மேல குந்திகினு நான் இன்னா பண்றது, ஈ ஓட்டவா?"

அனுமதி மறுத்த இன்சூரன்ஸ் டாக்டர் கண்ணாடி போட்ட மனிதர். ஃபைலைப் புரட்டியபடியே, "மேடம், விதிமுறைப்படி..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டே நிமிஷம் சார். அந்தக் கதவுகிட்ட போய் நில்லுங்க. இப்ப நீங்கதான் கிரேன் டிரைவர்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். தேவப்பிரியம் கட்டைத் தளர்த்திவிட்டார். ஜேக்கப் கையைத் தூக்கிச் சுற்றினார்.

"இறக்கச் சொல்றார்."

"தூக்கச் சொன்னேன் சார்" என்றார் ஜேக்கப்.

"பன்னெண்டு டன்னு சார். கீழ ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க" என்றார் லட்சுமணன்.

"இடது கையால காட்டலாமே?"

"அது கயித்தப் புடிச்சிகினு இருக்கும் சார். வுட்டா சரக்கு ஆடும்."

அவர் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஜேக்கப்பின் விரலைப் பிடித்து நிமிர்த்தினார், விட்டதும் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி விழுந்தது.

"ஃபைல்ல இதெல்லாம் இல்லையே" என்றார் மெதுவாக.

"ஃபைலு ஹார்பருக்கு வராது சார்" என்றார் லட்சுமணன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றபடி, முன்பு எழுதியதை அடித்துவிட்டு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளே ஆபரேஷன் நடந்தது.

மூன்று மாதம் கழித்து ஜேக்கப் மறுபடி கப்பலடியில் போய் நின்றார். விரல் கொஞ்சம் விறைப்புதான். ஆனால் வானத்தைப் பார்த்தது. சரக்கு மேலே ஏறியது.

அன்று சாயங்காலம் அடைக்கலமேரி மாதா கோயிலுக்கு இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள்.

"ஒண்ணு டாக்டரம்மாவுக்கு. இன்னொண்ணு?" என்று கேட்டார் ஜேக்கப்.

"கண்ணாடி போட்டவருக்கு."

"அந்தாளுக்கா? அவருதானேடி வேணான்னாரு!"

"வேணான்னு எழுதினவரே எழுந்து வந்து உன் கையப் புடிச்சிப் பாத்தாரே. எத்தினி பேரு எழுந்து வராங்க?"

"பேருகூடத் தெரியாதே."

"மாதாவுக்குத் தெரியும். நீ ஏத்து."

ஜேக்கப் இரண்டையும் ஏற்றினார்.