டெம்போ யாருக்குத் தந்தது?

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல்லியே?"

முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறிய மருமகளைப் பார்த்துப் புஷ்பபாய் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதிலுக்குக்கூட அவள் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, டெம்போவை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்னாலேயே அவள் கணவர் ஜெயதாஸ் போனார். அவருக்குப் பின்னால் மகன் சஜின், கைபேசியில் டார்ச் அடித்தபடி. பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. அக்கறை வந்துவிட்டால் அவன் அப்படித்தான்.

"ஐயோ, எடது பக்கம் நசுங்கிப் போச்சே!" என்று முற்றத்திலிருந்து புஷ்பபாயின் குரல் கேட்டது. தெருவில் போகிறவர்கள் யாருக்கோ இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஜெஸ்னா வராந்தா நாற்காலியில் தானே உட்கார்ந்து, வீங்கிய முழங்காலைத் தானே தடவிக்கொண்டாள். ஆரியங்கோட்டில், ரப்பர் தோட்டத்து வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது டெம்போ மண்திட்டில் சாய்ந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த கண்டக்டர் முதலில் அவளைத்தான் பார்த்தார். முன்பின் தெரியாத மனிதர், பாவம்.

இந்த டெம்போ வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்த அன்று, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், நாங்க ஸ்திரீதனத்துக்கு எதிராக்கும்" என்றார் ஜெயதாஸ். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சபைச் செயலாளர், சொன்ன சொல் மாறாதவர். சாயா குடித்து முடித்த பிறகு, காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல், "முற்றத்துல ஒரு வண்டி கெடந்தா பாக்க ஐசுவரியமா இருக்கும்" என்றும் சொன்னார். ஜெஸ்னாவின் அப்பா ஞானையன் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். வளைவு வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் ஆள். மாப்பிள்ளை வீட்டார் மனதில் இருந்தது கார். அவரால் முடிந்தது கடனில் ஒரு குட்டி டெம்போ. கல்யாணத்தன்று சபை மண்டபத்தில் ரிப்பன் கட்டிய சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ஆர்.சி.யும் மாப்பிள்ளை பேரில்தான். பெண் வீட்டார் வாங்குவார்கள், மாப்பிள்ளை பேரில் எழுதுவார்கள். இந்தப் பக்கத்து நடப்பு அது.

சஜின் உடனே 'உரிமையாளர்' என்று கார்டு அடித்து டெலிவரி தொழில் தொடங்கினான். ஒரே ஒரு சிக்கல், அவனுக்கு லைசன்ஸ் இல்லை. டெஸ்ட் மைதானத்தில் எச் வடிவில் ஓட்டிக்காட்டச் சொன்னால், கம்பியைத் தட்டிவிட்டு வருவான். லாரிக்காரர் மகளோ கல்யாணத்துக்கு முன்பே, முதல் தடவையிலேயே லைசன்ஸ் வாங்கியவள். ஆகவே உரிமையாளர் வீட்டில் இருந்தபடியே போன் எடுத்தார். ஜெஸ்னா பாலராமபுரத்துத் துணிப் பொதியையும் நெய்யாற்றின்கரைக் கடைகளின் கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு ஒற்றசேகரமங்கலம் வரை ஓட்டினாள்.

டெம்போவின் இன்சூரன்ஸ் முடிய இரண்டே நாள் இருந்தது. மறுநாள் காலையில் ஏஜென்ட் தாணு வந்தார். வீடு வீடாக ஏறி இறங்குகிற மனிதர். பாலிசியோடு ஊர்ச் செய்தியையும் கொடுத்துவிட்டுப் போவார்.

"ரெண்டு வகை உண்டு சாறே. அடுத்தவனுக்கு வாற நஷ்டத்துக்கு மட்டும் உள்ளது ஒண்ணு. நம்ம வண்டிக்கும் சேத்து உள்ளது இன்னொண்ணு."

போன வருஷம் வரை ஜெயதாஸ் முதல் வகைக்காரர். நசுங்கல் அவரை ஒரே ராத்திரியில் மாற்றியிருந்தது.

"வண்டிக்கு என்ன வந்தாலும் கிட்டணும். மரம் விழுந்தா?"

"கிட்டும்."

"வெள்ளத்துல போனா?"

"கிட்டும்."

"ஆளுகளுக்க கண்ணு பட்டா?" என்றாள் புஷ்பபாய்.

தாணு கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு இன்னும் ஸ்கீம் வரல்ல, சேச்சி."

பிறகு பேனாவைத் திருப்பிக்கொண்டு, "இனி, ஓனர் ஓட்டும்போ விபத்துல உயிரு போனா பதினஞ்சு லட்சம். பணம் வாங்க வேண்டிய நாமினி ஆரு?" என்றார்.

"அம்மை," என்றான் சஜின், மூச்சு விடாமல். மனைவி பக்கம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: "அம்மை இருக்கப்போ வேற பேரு எழுதுனா ஆளுக என்ன சொல்லும்?"

புஷ்பபாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லைசன்ஸ் நம்பர்?"

சஜின் கூரையைப் பார்த்தான். "அடுத்த மாசம் திரும்பவும் டெஸ்ட் உண்டு..."

"லைசன்ஸ் இல்லாத ஓனருக்கு இது கிட்டாது. அப்போ வண்டிய ஓட்டுறது ஆரு?"

மூன்று தலைகளும் வராந்தா மூலைக்குத் திரும்பின. அங்கே ஜெஸ்னா முழங்காலில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதாவது ஆனா, அண்ணா?" என்று கேட்டாள்.

தாணுவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இப்போ எழுதுறபடி, மோளே, வண்டிக்க கண்ணாடி உடைஞ்சா கிட்டும். ஒனக்குக் கிட்டாது."

நேற்றைய வளைவில் வராத பயம் ஜெஸ்னாவுக்கு அப்போதுதான் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"வழி உண்டு," என்றார் தாணு. "சம்பளத்துக்கு வச்ச டிரைவர்னு காட்டி, கொஞ்சம் கூடுதல் பணம் கெட்டுனா போதும்."

புஷ்பபாய் எழுந்தே விட்டாள். "சம்பளமா? மருமோளுக்குச் சம்பளம் குடுத்து வண்டி ஓட்ட வைக்கிற வீடுன்னு பேரு வராதா?"

"சம்பளம் குடுக்காம ஓட்ட வைக்கிற வீடுன்னு இப்பமே பேரு உண்டு மாமி," என்றாள் ஜெஸ்னா. பிறகு கணவனிடம் திரும்பினாள். "எனக்குச் சம்மதம். மாசம் எவ்வளவு தருவீங்க சேட்டா?"

உரிமையாளருக்குத் திடீரென்று ஒரு போன் வந்ததுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்தான். வரவில்லை.

"இல்லேன்னா வண்டிய மோளுக்க பேருக்கு மாத்தணும்," என்றார் தாணு. "ஓனரும் டிரைவரும் ஒரே ஆளு. எல்லாம் கிட்டும்."

"அதெப்படி?" ஜெயதாஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். "அது கல்யாணத்துக்கு அவனுக்குக் கிட்டுன வண்டியில்லா?"

தாணுவின் பேனா நின்றது. "கிட்டுனதா? ஸ்திரீதனமா, சாறே?"

ஜெயதாஸ் போன மாதம்தான் சபையில் ஸ்திரீதனக் கொடுமை பற்றி முழங்கி, போர்த்திய பொன்னாடையோடு வீட்டுக்கு வந்திருந்தார். தாணுவுக்கு இன்னும் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. அதில் பாதி இவர் சபைக்காரர்கள் வீடு.

"எலே தாணு, ஆரப் பாத்து என்ன கேக்குத?" என்று அதட்டினார். "நாங்க ஒண்ணும் கேக்கல்ல. ஞானையன் அவருக்க மோளுக்கு ஆசயாத் தந்ததாக்கும்!"

"செரி மாமா," என்றாள் ஜெஸ்னா. நொண்டிக்கொண்டே உள்ளே போய் லைசன்ஸை எடுத்துவந்து தாணுவின் முன்னால் வைத்தாள். "மோளுக்குத் தந்தது மோளுக்க பேருல கெடக்கட்டு. எழுதுங்க அண்ணா."

தாணுவின் பேனா மறுபடி ஓடியது. சொன்னது செயலாளர் அல்லவா!

பேர் மாறி பாலிசி வர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை டெம்போ ஓடவில்லை. முற்றத்தில் ஐசுவரியமாகக் கிடந்தது. ஜெஸ்னாவின் முழங்காலும் ஆறியது.

டெம்போ மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் பேய்மழை. பாறசாலையில் மெத்தை இறக்கிவிட்டு ஜெஸ்னா திரும்ப இருட்டிவிட்டது. வழியில் ஒரு கிளை உரசி, இடப்பக்கத்துக் கண்ணாடி போயிருந்தது. டெம்போ முற்றத்தில் திரும்பியதுமே புஷ்பபாய் குடையோடு ஓடிவந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேரே டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வந்து குடையைப் பிடித்தாள்.

"மக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆகல்லியே?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஜெஸ்னாவுக்குக் கண் நிறைந்துவிடும் போலிருந்தது. நிறைந்தும் இருக்கும். ஆனால் அன்று காலையில்தான், சாயாவை ஆற்றிக்கொண்டே, "சும்மா கேக்கேன், பாலிசில நாமினி ஆரு போட்டிருக்கு?" என்று சஜின் கேட்டிருந்தான். அப்போது அடுக்களையில் புஷ்பபாயின் தோசைக்கரண்டிச் சத்தம் நின்றது நினைவுக்கு வந்தது.

ஜெஸ்னா குடைக்குள் இறங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல்ல மாமி," என்றாள். "நாமினி எங்க அம்மையாக்கும். அம்மை இருக்கப்போ வேற பேரு எழுதுனா ஆளுக என்ன சொல்லும்?"

புஷ்பபாய் குடையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, டெம்போவின் இடது பக்கத்தைப் பார்க்கப் போனாள்.