ரப்பரில் ஒட்டியிருந்த முடி

பெர்லிட்டாவுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. காலையிலிருந்து நாலு விமானம். ஒவ்வொன்றிலும் முப்பது வரிசை. வரிசைக்கு வரிசை குனிந்து, இருக்கைப் பைக்குள் கையை விட்டு, ஜனங்கள் விட்டுப்போனதை எடுக்க வேண்டும். மாங்கொட்டை, சுருட்டிய டயபர், நிறைந்த வாந்திப் பை. ஒரு தடவை யாரோ பல்செட்டை விட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் இருபது நிமிஷத்துக்குள் முடியவேண்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் விரலில் அந்த வாடை நிற்கும். அந்த விரலாலேயே சோறு தின்று பத்து வருஷம் ஓடிவிட்டது.

செபு விமான நிலையம் இருக்கும் மக்தான் தீவில் விமானம் கழுவுகிற பெண்களிடையே காசு கைமாறாது. கக்கூஸ்தான் கைமாறும். ஒருத்தி ஷிஃப்டை இன்னொருத்தி பார்த்தால், பதிலுக்கு இத்தனை கக்கூஸ் என்று பேசி முடிப்பார்கள்.

"சனிக்கிழமை மத்தியானம் எனக்காக நில்லு. ஆறு கழுவித் தர்றேன்" என்றாள் பெர்லிட்டா.

"பதினொண்ணு, மனாங்" என்றாள் பெபிங். அக்காவை அங்கே மனாங் என்பார்கள். பெபிங் வயதில் சின்னவள், கணக்கில் பெரியவள்.

"பதினொண்ணா? உனக்கு மனசு உறுத்தாதா?"

"உறுத்தாது. அதுவும் நீ சொல்ற ஃப்ளைட்ல இல்ல, நான் சொல்ற ஃப்ளைட்ல. சுத்தமா வர்றதை நானே கழுவிக்குவேன். ஜன்னல் சீட் வரைக்கும் நாத்தம் வர்றது இருக்கு பாரு, அப்ப உன்னக் கூப்பிடுவேன்."

பெர்லிட்டா ஒப்புக்கொண்டாள். வேறு வழியில்லை.

அவள் மகள் க்ரேஷாவுக்குப் பதினெட்டு. செபுவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, வருஷத்துக்கு ஒரு பிள்ளையைக் கட்டணம் இல்லாமல் எடுக்கும். எழுத்துத் தேர்வில் க்ரேஷா தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: சிமுலேட்டரில் உட்கார்ந்து, உயரமும் திசையும் மாறாமல் பத்து நிமிஷம் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஐந்து வாரம் இருந்தது. பெண் வாழ்நாளில் எதையும் ஓட்டியதில்லை, சைக்கிளைத் தவிர. மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அதில் விமானம் ஓட்டிப் பழக, கையில் பிடிக்கிற சாமான்தான் இல்லை. கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த இருபதாயிரம் பேசோவை பெர்லிட்டா ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

பழைய சிமுலேட்டர் சாமான் விற்கிறவர் பெயர் மொன்சிங் வில்லாரூஸ். சனிக்கிழமை மகளோடு போனாள். மேட்டுக் குடியிருப்பில் வீடு. கதவைத் திறந்தவர் பெர்லிட்டாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"சலவைத் துணி எடுக்கறவங்க பின்பக்கம்."

"வாங்க வந்திருக்கோம், சார். சிமுலேட்டர்."

அவர் தோளில் நாலு தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை. காலில் ரப்பர் செருப்பு. பெர்லிட்டா நிஜக் கேப்டன்களைத் தினமும் பார்க்கிறவள். அவர்கள் எச்சில் காபிக் கோப்பையை எடுக்கிறவள். இந்த ஆள் கேப்டன் இல்லை என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது.

அறையில் ஏசி ஓடியும் புளித்த வியர்வை வாடை. மூன்று திரை. மேசை விளிம்பில் இறுக்கிய திருப்புப் பிடி, பக்கத்தில் வேகக் கைப்பிடிகள், வரிசையாகப் பொத்தான் வைத்த ஒரு பலகை, கீழே ரெண்டு மிதிகட்டை. க்ரேஷாவின் கண் விரிந்தது.

"திரை தவிர எல்லாம் இருபதாயிரம். உங்களுக்காக" என்றார் மொன்சிங். "ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுக்குக் குறைஞ்சு எதுவும் வாங்கினா வீண். நான் மூவாயிரம் மணி நேரம் பறந்தவன்."

"இதுலயா, சார்?"

"இதுலதான். எங்க சிமுலேட்டர் கிளப்புல கேட்டுப் பாருங்க."

"பிடி, பலகை, மிதிகட்டை எல்லாமே வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, மா" என்றாள் க்ரேஷா மெதுவாக.

"எல்லாரும்னா யாரு?"

"வீடியோவுல."

"அவனுங்க நம்ம கூரையப் பாத்தானுங்களா?"

க்ரேஷா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் மேல் வந்த பிளீச்சிங் வாடையும் அவளைக் கூச வைத்தது. பெர்லிட்டா அதைக் கவனித்தாள்.

மொன்சிங் ஓட்டிக் காட்டினார். திரையில் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியதும் பலகையில் ஒரு பொத்தானை அமுக்கினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பேசினார். க்ரேஷா பிடியைத் தொடப் போனாள்.

"தொடாத, தொடாத. முதல்ல பாரு. கத்துக்கறதுன்னா பாக்கறது."

பெர்லிட்டா குனிந்தாள். இடுப்பு கத்தியது. இருந்தாலும் குனிவது அவள் தொழில். எந்தச் சாமானும் யார் கையில் எப்படிக் கிடந்தது என்று அழுக்கு சொல்லிவிடும். எந்த இருக்கையில் குழந்தை உட்கார்ந்தது, எவன் காலைத் தூக்கி முன்னால் வைத்தான், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

பொத்தான் பலகையில் அந்த ஒரு பொத்தான் மட்டும் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. சிப்ஸ் எண்ணெயும் தோலும் சேர்ந்து காய்ந்த அழுக்கு. எழுத்தே அழிந்திருந்தது. திருப்புப் பிடியில் தூசிதான் இருந்தது, கையழுக்கு இல்லை. மிதிகட்டையைத் தடவினாள். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரிப் பொடி ரப்பர் முடி இன்னும் அப்படியே நின்றது. ஒரு கால் கூட அதன்மேல் அழுந்தியதில்லை. கட்டைகளுக்கு நடுவே வெட்டிப்போட்ட நகமும் ஒரு கோழி எலும்பும் கிடந்தன.

"இந்தப் பொத்தான் எதுக்கு, சார்?"

"ஆட்டோபைலட். அது பாட்டுக்கு ஓட்டும்."

"மூவாயிரம் மணியும் அதுதான் ஓட்டிச்சா?"

"என்ன சொல்றீங்க?"

"மிதிகட்டை ரப்பர்ல முடி கூட உதிரல. பிடியில கையழுக்கு இல்ல. நீங்க ஓட்டல, சார். டிக்கெட் எடுக்காத பயணியா உள்ள உக்காந்திருக்கீங்க."

"மா" என்றாள் க்ரேஷா.

மொன்சிங்கின் முகம் தொங்கியது. பெர்லிட்டாவின் கண் கதவடியில் நின்றது. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எடுத்தாள். பிடி சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. கட்டைவிரல் படும் இடம் குழிந்திருந்தது. அடியில் நாலு மூலையிலும் மேசையில் ஒட்டிய பசை.

"இது யாருது?"

"அது குப்பை. முதல்முதல்ல வாங்கினது." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு வருஷம் அதுலதான் ஓட்டினேன். கிளப்புல சேர்ந்தப்புறம் அதை மேசையில வைக்க வெக்கமாப் போச்சு."

"இதுல திரும்ப முடியுமா? மிதிகட்டை வேணாமா?"

"பிடியை முறுக்கினா போதும்."

பெர்லிட்டா அதை மகளிடம் கொடுத்தாள். "சார், அந்தப் பொத்தான் பலகையைக் கழட்டிட்டு இத மாட்டுங்க."

மொன்சிங் ஏன் மறுக்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. மாட்டினார். க்ரேஷா ஓட்டினாள். விமானம் குடிகாரன் மாதிரி ஆடியது, மூக்கு குத்தியது, கடலில் விழுந்தது. மறுபடி ஓட்டினாள். நாலாவது தடவை விழவில்லை.

"ஆயிரத்து இருநூறு" என்றார் அவர். பிறகு அந்த அறையைப் பார்த்தார், பெர்லிட்டாவின் கையைப் பார்த்தார். "இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. வந்ததுதான் வந்தீங்க, இந்த செட்டை எல்லாம் துடைச்சுக் குடுத்துட்டு அதச் சும்மா எடுத்துட்டுப் போங்க. போட்டோ எடுத்து வேற ஆளுக்கு வித்துக்கறேன்."

பெர்லிட்டா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். விமானத்தில் முகம் தெரியாதவன் அழுக்கு. இங்கே எதிரில் நின்று, நகத்தை வெட்டிப் போட்டவனே துடை என்கிறான்.

"காசு வாங்கிக்கங்க, சார். என் கை ஏற்கெனவே வேற ஆளுக்குக் கடன்பட்டிருக்கு."

ஆயிரத்து இருநூறை எண்ணி மேசையில் வைத்தாள். கோழி எலும்பைத் தொடாமல் வெளியே வந்தாள். திரும்பும் ஜீப்னி வண்டியில் க்ரேஷா சொன்னாள்:

"நீ அவர அப்படிச் சொல்லியிருக்க வேணாம், மா."

"அந்த எலும்ப நீ பாக்கல."

வீட்டில் பிளாஸ்டிக் மேசைமேல் ஜாய்ஸ்டிக்கை டேப் போட்டு ஒட்டினார்கள். க்ரேஷா ஐந்து வாரமும் ஓட்டினாள். ஆட்டோபைலட் பொத்தான் அவள் கம்ப்யூட்டர் கீபோர்டிலும் இருந்தது. அதன்மேலும் பெர்லிட்டா டேப் ஒட்டினாள். மிச்சக் காசில் தகரம் வந்தது.

தேர்வு முடிவு வந்த அன்று பெர்லிட்டா பின்பக்கக் கக்கூஸுக்குள் மண்டியிட்டிருந்தாள். மழைக்காற்றில் ஆடி வந்த விமானம். சுவர், கைப்பிடி, கண்ணாடி, எங்கும் வாந்தி. கழுவுதொட்டியில் யாரோ இன்னும் மோசமானதைச் செய்திருந்தார்கள். பைக்குள் போன் அதிர்ந்தது. கையுறையோடு தொட முடியாது. வாசலில் நின்ற பெபிங்தான் எடுத்துப் படித்தாள்.

"சீட்டு க்ரேஷாவுக்குத்தானாம், மனாங்."

பெர்லிட்டா துடைப்பதை நிறுத்தினாள்.

"நல்லாப் படிச்சியா?"

"ரெண்டு தடவ."

"சரி." மறுபடி துணியை நனைத்தாள். "அவ ஓட்டப்போற பிளேனும் இப்படித்தான் நாறும்."

"அதையும் நம்மதான் கழுவுவோம்" என்றாள் பெபிங், மூக்கைப் பொத்திக்கொண்டு. "சந்தோஷத்துல கணக்கை மறந்துடாத. இது நாலாவதுதான்."

"தெரியும்."

பெபிங்குக்கு அவள் தர வேண்டியது இன்னும் ஏழு கக்கூஸ்.