இடது கட்டைவிரல்

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்களின் முதுகில் எண்ணெய் தேய்த்தே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர் இசக்கிமணி. அடுத்தவன் உடம்பில் எங்கே பிடிப்பு என்று தொட்டவுடன் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், தன் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போனபோது மட்டும் வாயு என்று முடிவுகட்டி, ஒன்றரை வருஷம் தன் எண்ணெயையே தடவி நீவிக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்த மனுஷனுக்கு யார் புத்தி சொல்வது?

தன் கையைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமும் இல்லை. மனைவி பொன்செல்வி பக்கவாதத்தில் விழுந்து பத்து மாதம் ஆகிறது. வலது பக்கமும் போயிற்று, பேச்சும் போயிற்று. காலையில் தன் மசாஜ் கடைக்குப் போகுமுன் அவளுடைய வலது கையை நீவிவிடுவார். மடங்கியே கிடக்கும் அந்த விரல்களுக்குள் தன் வலது கட்டைவிரலை நுழைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஏட்டி, புடி பாப்போம்" என்பார்.

அந்த ஒரு பிடிக்காகத்தான் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண்ணையும் நாலு மாதத்துக்கு முன், "விரல்ல உசிரே இல்லம்மா, சும்மா அவளப் போட்டு வருத்தாண்டாம்" என்று நிறுத்திவிட்டார்.

சில நாள் பொன்செல்வி இடது கையால் அவர் கையைப் படபடவென்று தட்டுவாள். கண்ணிலிருந்து நீர் வழியும். "வலிக்கா? சரி, விட்டுருதேன். நாளைக்குப் பாப்போம்" என்று துடைத்துவிட்டுப் போவார்.

எண்ணெய்க் கிண்ணம் இரண்டு தடவை கை நழுவி விழுந்த பிறகுதான், செங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் உமா மகேஸ்வரி வந்து, அவரைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார்.

"குத்துனது தெரியுதா அண்ணாச்சி?"

"இன்னும் குத்தலியேம்மா."

கட்டைவிரலில் மூன்று முறை ஊசியால் குத்தியாகிவிட்டது. உமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணிக்கட்டுல ஒரு குறுகலான பாதை இருக்கு. அது வழியாத்தான் இந்த விரல்களுக்கு நரம்பு போவுது. மேல கெட்டியா ஒரு தசைநார் மூடியிருக்கு. உள்ள வீங்கி, நரம்பு நசுங்கிட்டு. அந்தத் தசைநார வெட்டிவிட்டா நரம்புக்கு இடம் கெடைக்கும்."

"உணர்ச்சி திரும்பிருமா?"

"கட்டைவிரலுக்கு அடியில உள்ள சதையே வத்திட்டே. வலி குறையும். உணர்ச்சிக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. முன்னமே வந்திருக்கணும்."

கையை மட்டும் மரக்க வைத்து, அரை மணி நேரத்தில் ஆபரேஷனை முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கட்டுப்போட்ட கையோடு பொன்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒரு நா விடுங்கப்பா" என்று அடுப்படியிலிருந்து உமா கத்தினாள். கேட்கிற ஆளா அவர்! பழக்கமில்லாத இடது கையால் ஏதோ நீவினார். இடது கட்டைவிரலை நுழைத்தார்.

"புடி பாப்போம்."

பிடித்தாள்.

பச்சைப்பிள்ளை பிடிப்பது மாதிரி மெல்லிய பிடி. ஆனால் பிடிதான்.

"ஏ உமா! புடிக்கா! ஒங்கம்மா புடிக்கா!"

உமா கரண்டியோடு ஓடி வந்தாள். அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். அவை எப்போதும் போல மடங்கித்தான் இருந்தன. தன் விரலைக் கொடுத்துப் பார்த்ததும் அழுதாள், சிரித்தாள். இசக்கிமணியும் சிரித்துக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை. முதல் தடவை பிடித்தவளின் முகம் இல்லை அது.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஊசி குத்தியதே தெரியாத விரலைத்தான் இத்தனை நாளும் அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாட்டி?"

அவளால் எப்படிச் சொல்ல முடியும்? இடது கையை மெல்லத் தூக்கி, அவருடைய வலது கைக் கட்டின் மேல் தட்டினாள். தினமும் தட்டியது மாதிரியேதான் தட்டினாள், இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக.

"சொல்லியிருக்கியே செல்வி," என்றார். "தெனமும் சொல்லியிருக்கியே. நான்தான வலிக்கின்னு நெனச்சுக் கைய எடுத்துட்டேன்."

மகள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். பொன்செல்வி பிடியை விடவில்லை.