அடுப்புக் கட்டைக்கு ஏலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் இந்த வியாபாரமே ஆரம்பித்தது. ஒரு காலையில் வெந்நீர் அடுப்பு பற்றாமல் புகைந்து கண்ணைக் கரித்த கடுப்பில், அடுப்பையும் பக்கத்தில் கிடந்த கட்டைக் குவியலையும் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். "கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்தவர்களே, குளிர் சுகமாக இருக்கிறதா? அப்படியே வந்து என் அடுப்பையும் ஊதிவிட்டுப் போங்கள்" என்று எழுதியும் வைத்தேன். தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் பதறிப்போய், "அக்கா, தயவுசெஞ்சு அந்தக் கட்டையை எரிக்காதீங்க!" என்று எழுதியிருந்தார்.

அவர் பெயர் ஃபாஹ்மி. ஈப்போவில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்தில் கிழட்டுத் தேயிலைச் செடிகளை இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுகிறார்கள். பிடுங்கிய செடியின் அடிக்கட்டை, வேரோடு முறுக்கிக்கொண்டு மேட்டில் மலையாகக் கிடக்கும். லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்களுக்கு அது விறகு. வண்ண மீன் வளர்ப்பவர்களோ அதைத் தொட்டிக்குள் நிறுத்தி, பாசி கட்டி, குட்டிக் காடு மாதிரி ஆக்குவார்களாம். அந்த மாதிரிப் பொருள்களை ஏலம் விடுவதற்கென்றே ஃபாஹ்மி பேஸ்புக்கில் ஒரு குழு நடத்துகிறார். "ஒரு தடவை போட்டுப் பாருங்க அக்கா, நஷ்டம் ஒண்ணும் இல்ல லா" என்றார்.

நான் போட்டுப் பார்க்க நினைத்ததற்குக் காரணம் கட்டை இல்லை, என் வீட்டுக்காரர். புனிதன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே முதலாளியாக இருந்த தவ்கே காய்கறித் தோட்டத்தை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார், லோரியும் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய கூட்டாளி தர்மேந்திரன், கிடங்கு ஒன்றில் வேலை இருக்கிறது, இந்த மாதத்துக்குள் வருகிறாயா இல்லையா சொல் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் இவர் அங்கே போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த இரண்டு வருடமும் நான் கைப்பேசியோடுதான் குடித்தனம் நடத்தினேன். காய்ச்சல் வந்தபோது "கஞ்சி குடிச்சியா?" என்று திரையிலிருந்து கேட்பார். கேட்டால் கஞ்சி வந்துவிடுமா? மறுபடியும் அப்படி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம். தேயிலை ஃபேக்டரியில் பொட்டலம் கட்டி நான் வாங்கும் சம்பளம் இரண்டு பேருக்குப் பத்தாது என்பதும் எனக்குத் தெரியும்.

"இந்தக் கட்டைய வெளியாளுங்க நெசமாவே வாங்குறாங்கன்னு காட்டு. நான் போகல" என்றார் புனிதன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் ராதாகிருஷ்ணன் கிராணியிடம் போய்க் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கம்மா. அள்ளிக் கொட்ட லோரிக்குக் காசு கட்டுறதே நாங்கதான்" என்று மேனேஜர் துரையிடமும் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். புனிதன் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். பட்டையைச் சீவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, டிரம்மில் ஊறப்போட்டோம். மருந்தடித்த செடி, மீன் செத்தால் உங்கள் பெயர் போய்விடும் என்று ஃபாஹ்மி பயமுறுத்தியிருந்ததால், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சாயம் இறங்கிக் கடுந்தேநீர் மாதிரி வந்தது. "பால் ஊத்தினா இதையும் வித்துரலாம் போல" என்றார் புனிதன். எனக்குச் சிரிக்க நேரமில்லை; நகத்தில் எல்லாம் மண்.

படம் எடுப்பதில் இன்னொரு கூத்து. "அக்கா, பின்னால கைலி காயுது" என்று ஃபாஹ்மி முதல் படத்தைத் திருப்பி அனுப்பினார். வெள்ளைப் போர்வையைக் கட்டி, அளவு தெரிவதற்குக் கட்டைக்குப் பக்கத்தில் காலி பால் டின் ஒன்றை வைத்து மறுபடி எடுத்தேன். ஆரம்ப விலை இருபது வெள்ளி; ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடிவு. அதுவரை படத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். குழுவின் விதிகளையும் படித்தேன். விற்பவரின் ஆட்கள் விலை ஏற்றினால் விற்பவர் நிரந்தரமாக வெளியேற்றப்படுவார் என்று அதில் ஒன்று. அது மோசடிக்காரர்களுக்குப் போட்ட விதி, நமக்கென்ன என்று தாண்டிப் போனேன்.

அப்புறம் நான் செய்த காரியம், லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்ததுதான். சந்தோஷத்தை அடக்கி வைத்து எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் கடைசி நாள் ஏலம் நடக்கும். சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம், அம்மனுக்குச் சாத்திய சேலை, ஒவ்வொரு குடும்பமும் நேர்ந்துகொண்டு கொடுத்த பூசணி, பலா எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு குடும்பம் கொடுத்த பொருள் மலிவாகப் போனால் அந்தக் குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால் சொந்தபந்தம் விடாது. ஆளுக்கு ஆள் ஏற்றிவிடுவார்கள். அதிக விலைக்கு எடுத்தவருக்கு உறுமி மேளம் அடிப்பார்கள். அந்த ஏலத்தைக் கூவுவது செல்லையா மாமா. பழைய கங்காணி. அவர் தொண்டையைக் கனைத்தால் கீழ் லயத்தில் கோழி பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை விலை ஒழுங்காகத்தான் ஏறியது. குவாந்தானிலிருந்து ஒரு பெண் ஐம்பது கேட்டாள். பினாங்கிலிருந்து ஸைனால் என்றொருவர் அறுபது கேட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலு மணிக்கு மேல் திடீரென்று எண்பது, தொண்ணூறு. பினாங்குக்காரர் விடாமல் நூற்றுப்பத்து என்றார். உடனே நூற்றைம்பது. அவர் அதோடு நின்றுவிட்டார். ஆறு மணிக்கு நூற்றெண்பது வெள்ளியில் முடிந்தது. வெறும் விறகுக் கட்டை! நான் கத்திய கத்தலில் புனிதன் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்போடு ஓடி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு நீலாவதி அக்கா வந்தார். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நோட்டுகள்.

"உன் கட்டைய நான்தான் எடுத்தேன் சசி!"

"எந்தக் கட்டைய?"

"பேஸ்புக் லேலோங்ல ஏலம் விட்டியே, அதான்! செல்லையா அண்ணன் நூத்தி அம்பது கேட்டாரு. விடுவேனா? மொத வியாபாரம், நம்ம லயத்துப் புள்ள பொருளு சல்லிசா போகலாமா? நாங்க எல்லாரும் சேர்ந்து ஏத்திட்டோம்ல!"

நீலாவதி அக்காவின் அடுப்படிக்கு வெளியே அதே கட்டை கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, இன்னொன்றை நூற்றெண்பது கொடுத்து வாங்க வந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புனிதன் தாம்பாளத்தைப் பார்த்தார். அக்கா போனபின், "இது வியாபாரம் இல்ல சசி, மொய். தர்மேந்திரனுக்கு வரேன்னு சொல்லிடுறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது.

ஃபாஹ்மி அப்போதே அழைத்துவிட்டார். "அக்கா, என்ன அக்கா இது? கடைசியா விலைய ஏத்துன அஞ்சு பேரு புரொஃபைல் படத்துலயும் ஒரே கோயில் கோபுரம். பினாங்கு ஸைனால் குழுவிலேயே கேட்டுட்டாரு, இது கூட்டுக் களவான்னு. நான் உங்கள குழுவிலேருந்து எடுத்தாகணும் லா."

நடந்ததை அழாக்குறையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு வழிதான் இருக்கு. கேட்டவங்க ஒவ்வொருத்தரும் குழுவுக்கு வந்து, நான் சசிரேகாவோட ஆளு, கேட்ட விலைய மீட்டுக்கறேன்னு சொல்லணும். ஒருத்தர் முறுக்கினாலும் என்னால காப்பாத்த முடியாது" என்றார்.

நீலாவதி அக்கா உட்பட நாலு பேர் மறுநாளே, வருத்தப்பட்டுக்கொண்டே, சொன்னபடி எழுதிவிட்டார்கள். முறுக்கியது செல்லையா மாமாதான். வீட்டு வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா அம்மன் முன்னாடி ஏலம் கூவுறவன் நானு. கேட்ட வெலைய மீட்டுக்கிட்டவன அடுத்த வருஷம் கூட்டத்துல நிக்க விட்டிருக்கேனா? காசு இந்தா இருக்கு, வாங்கிக்க. வெலைய மட்டும் மீட்டுக்க மாட்டேன்."

"உங்க காசு எனக்கு வேணாம் மாமா!" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எம் புருசன் பையைக் கட்டிக்கிட்டுக் கெளம்பப் போறாரு. உங்க மானம் வந்து எனக்குத் துணைக்குப் படுக்குமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

"கோயில்ல நீங்க ஏத்துற காசு அம்மனுக்குப் போவுது மாமா. அங்க கேக்குறவங்க எல்லாருக்கும் அது தெரியும். இங்க பினாங்குல ஒரு மனுசன், கட்டை வேணும்னு நெசமா கேட்டாரு. அறுபதுல முடிய வேண்டியத, நூத்திப்பத்து வரைக்கும் அவர நாம இழுத்துட்டோம். நாம யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

மாமா நீட்டிய காசை மடக்கிக்கொண்டார்.

"அப்ப, அந்த ஆளு நம்மள களவாணின்னு நெனைச்சிருப்பானா?"

"நெனைக்கல. எழுதியே போட்டுட்டாரு."

அவர் எழுந்து உள்ளே போனார். என்னைத் துரத்திவிட்டார் என்றே நினைத்தேன். வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகத் திரும்பி வந்தவர், "ஃபோனை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு வா" என்றார்.

ஏலம் கூவும் அதே இடத்தில் நின்றார். நான் படம் பிடித்தேன். அவருக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், தழைந்த குரலில் ஆரம்பித்தார். என் பெயர் செல்லையா. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் கோயில் வழக்கப்படி நல்லது செய்வதாக நினைத்து நாங்கள்தான் விலையை ஏற்றினோம். உங்களுக்கு அது தவறாகிவிட்டது, மன்னியுங்கள். அதற்குப் பிறகு தொண்டையைக் கனைத்தார். நூற்றைம்பது என்று நான் கேட்ட விலையை மீட்டுக்கொள்கிறேன். நேர்மையாகக் கேட்ட விலை அறுபது. பினாங்கு ஸைனால், அறுபது வெள்ளி, ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! கடைசி வரிகள் தமிழில்தான் வந்தன. கோயில் சுவர் அதிர்ந்தது. கூவி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. விழுந்தேன்.

அந்தக் காணொளியைக் குழுவில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மூன்று தரம் என்றால் என்ன என்று சீனர்கள் கேட்க, தமிழ் தெரிந்த மலாய்க்காரர்கள் விளக்கினார்கள். ஸைனால் அறுபது வெள்ளியை அனுப்பிவிட்டு, "மாமாவுக்கு சலாம்" என்று ஒரு வரி எழுதினார். ஃபாஹ்மி என்னை இன்னொரு ஏலத்துக்கு அனுமதித்தார். புனிதன் தர்மேந்திரனிடம் அந்த ஏலம் முடியும் ஞாயிறு வரை தவணை கேட்டார். பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டார்.

இரண்டாவது ஏலத்தன்று லயமே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. செல்லையா மாமா ஒரு கூடையோடு வந்து, எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி அதற்குள் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் கைப்பேசி மட்டும் பால் டின்னில் சாய்ந்து நின்றது. ஆரம்ப விலை இருபது. ஐந்து மணி ஆயிற்று; ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தரை. இருபது அப்படியே நின்றது.

"எனக்குக் கை அரிக்குது அண்ணே" என்றார் நீலாவதி அக்கா.

"சொறிஞ்சுக்க" என்றார் மாமா. அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. கூடையை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். என் மேல் அத்தனை பேருக்கும் இருந்த பிரியம், ஒரு விரலைக்கூட அசைக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தது.

பிறகு திரை மினுங்கியது. முப்பது. கூச்சிங்கில் இருந்து யாரோ ஒருவர். அடுத்து ஸைனால், நாற்பது. கூச்சிங், நாற்பத்தைந்து. ஸைனால், ஐம்பத்தைந்து. மலாக்காவிலிருந்து புதிதாக ஒரு பெயர், எழுபது. ஆறு அடித்தது. நூற்றெண்பதுக்குக் கத்தியவள் எழுபதுக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எழுபதும் முழுக்க முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த விலை. இன்னும் மூன்று கட்டை இருக்கிறதா என்று கூச்சிங்காரர் கீழே கேட்டிருந்தார்.

மாமா கூடையைத் திறந்ததும் உள்ளே ஒரு கைப்பேசி அடித்தது. புனிதனுடையது. தர்மேந்திரன்தான். புனிதன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. லயம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"இல்ல மச்சான், வரல. வேற ஆளப் பாத்துக்க. இங்க கட்டை கழுவ ஆளு பத்தல."